கிடையில் விழுந்த குறைக்குட்டி

மாசி மாதம். ஒரத்தநாடு வட்டாரத்தில் சம்பா அறுவடை முடிந்து, வைக்கோலும் ஏற்றியாகி, வயல்கள் வெடித்துக் கிடந்தன. ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரி ஒருவர், நானூறு செம்மறிகளை ஓட்டிவந்து மூன்று ஏக்கர் விவசாயி ஒருவரின் வயலில் கிடை போட்டார். இரண்டு பேருக்கும் எட்டு வருடப் பழக்கம். 'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்பது டெல்டாவில் எல்லாருக்கும் தெரிந்த பழமொழி. கிடை போட்ட வயலில் குறுவைக்கு உரச்செலவு குறையும் என்பது அந்த விவசாயியின் கணக்கு.

மூன்றாம் நாள் விடியற்காலையில், வீட்டு நாய் எதையோ இழுத்துவந்து திண்ணை ஓரம் போட்டது. ஆட்டின் இளங்கொடி. மெல்லியதாக இருக்க வேண்டிய கொடி, தோல் போலத் தடித்து, செங்கல் நிறத்தில், அங்கங்கே மஞ்சள் அழுக்கு படிந்து கிடந்தது.

"நான் எடுத்துப் போட்டுடுறேன் அத்தை" என்று மருமகள் முன்னால் வந்தார். அவர் ஆறு மாதக் கர்ப்பிணி. பங்குனியில் வளைகாப்பு வைத்திருந்தார்கள். முந்தின நாள் முழுக்க, கீதாரி கொடுத்த ஒரு நோஞ்சான் குட்டியை மடியில் வைத்துப் பால் புகட்டியவரும் அவர்தான். அந்தக் குட்டி இரவே செத்துப்போனது.

விவசாயி மருமகளைத் தடுத்துவிட்டு, நேராகக் கிடைக்குப் போனார். வரப்பு ஓரம் புதுமண் தெரிந்தது.

"எத்தனை ஆடு குறைக்குட்டி போட்டுச்சு?"

"பனி தாங்காம ஒண்ணு ரெண்டு போச்சுங்கய்யா."

"நாலு குழி தெரியுதே?"

கீதாரி தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா கிடை வேணாம்பீங்க. ஊருக்கு ஊரு போன் போயிடும். அடுத்த வயல்ல எறங்க விடமாட்டாங்க. இந்த வருஷப் பொழப்பே போயிடும்யா."

ஆட்டை ஓட்டிக்கொண்டு போகச் சொல்லத்தான் விவசாயிக்கு முதலில் தோன்றியது. ஆனால் இந்த ஆடுகள் இங்கிருந்து போனால் இன்னொருவர் வயலுக்குத்தானே போகும்? கால்நடை மருத்துவரை அழைத்தார்.

வந்த மருத்துவர் ஆட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "வீட்டுல கர்ப்பிணி யாராவது இருக்காங்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இருக்கிறார் என்றதும், "இனிமே அவங்க கிடைப் பக்கமே வரக்கூடாது. குட்டியைத் தொட்டதை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க" என்றார். பிறகுதான் கையுறை மாட்டிக்கொண்டு கொடியிலிருந்து மாதிரி எடுத்து, பனிக்கட்டி வைத்த பெட்டியில் பரிசோதனைக்கு அனுப்பினார். சில நாளில் முடிவு வந்தது: கிளமிடியா.

திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் அந்தப் பெயரைப் போனில் தேடிப் பார்த்துவிட்டுப் பதறிப்போய்க் கூப்பிட்டார். அது ஆண் பெண் உறவில் பரவும் நோய் என்று போட்டிருந்ததாம். வெளியில் சொல்லவே கூச்சப்பட்டார். மருத்துவர்தான் விளக்கினார். கிளமிடியா என்பது ஒரு கிருமிக் குடும்பத்தின் பெயர். மனிதர்களுக்குள் பரவுவது ஒரு வகை. வாத்து, புறா, கிளியிடமிருந்து மூச்சு வழியாக மனிதருக்கு வந்து நுரையீரலைத் தாக்குவது வேறொரு வகை. ஆஸ்திரேலியாவில் காட்டில் வாழும் கோலாக்களைக் குருடாக்கி, மலடாக்குவதும் இந்தக் குடும்பம்தான். செம்மறி, வெள்ளாடுகளில் கருவைக் கலைப்பது 'கிளமிடியா அபார்டஸ்'. ஸ்காட்லாந்தில் செம்மறிகள் குறைக்குட்டி போட்டதற்கு இந்தக் கிருமிதான் காரணம் என்று 1950-ல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆடுகள் குட்டி போடும் காலம் வந்தால், கர்ப்பிணிகள் பட்டிப் பக்கம் போகவேண்டாம் என்று பிரிட்டனில் சுகாதாரத் துறை இன்றும் ஆண்டுதோறும் எச்சரிக்கிறது.

இந்த நோயில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. ஆடு நோயாளி மாதிரியே தெரியாது. நன்றாக மேயும், அசைபோடும். ஐந்து மாதச் சினையின் கடைசி இரண்டு மூன்று வாரத்தில் திடீரென்று குட்டி விழும், அல்லது நோஞ்சானாகப் பிறந்து சாகும். விழுந்த குட்டி, கொடி, கசியும் நீர் எல்லாவற்றிலும் கிருமி இருக்கும். அதை நக்கும், அதன் பக்கத்தில் மேயும் ஆடுகளுக்குத் தொற்றும். தொற்றிய ஆடு பெரும்பாலும் அந்த வருடம் எதையும் காட்டாமல், அடுத்த ஈற்றில்தான் குட்டியை வீசும். "இது உங்க வயல்ல வந்ததில்ல. முன்னாடியே மந்தைக்குள்ள வந்திருக்கணும்" என்று மருத்துவர் சொன்னபோது, போன வருடம் சந்தையில் வாங்கிச் சேர்த்த இருபது ஆடுகள் கீதாரியின் நினைவுக்கு வந்தன.

கர்ப்பிணிக்கு இந்தக் கிருமி தொற்றினால் காய்ச்சல் வந்து, கரு கலையலாம். தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மருத்துவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, கீதாரி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார். "எம் மகளுக்குப் போன வருஷம் அஞ்சாம் மாசத்துல கலைஞ்சு போச்சுங்க. கிடையிலதான் எங்களோட இருந்துச்சு. குட்டியெல்லாம் அதுதான் பார்த்துக்கும்."

அதற்கு இதுதான் காரணம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். கீதாரி தலையை மட்டும் ஆட்டினார். அதன்பிறகு அவர் எதையும் மறைக்கவில்லை. எந்தெந்த ஆடு எந்த நாளில் குட்டி வீசியது, இதற்கு முன் எந்த ஊர்களில் கிடை போட்டார் என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

வேலை தொடங்கியது. குட்டி வீசிய ஆடுகளைத் தனியாக வலை கட்டிப் பிரித்தார்கள். சினை ஆடுகளுக்கு மருத்துவர் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி போட்டார். இந்த ஊசி கிருமியை அடியோடு ஒழிக்காது. மீதிக் குட்டிகள் விழுவதைக் குறைக்கும். ஊசி போட்ட ஆட்டை அவர் சொன்ன நாள் வரை கறிக்கு விற்கக் கூடாது. அரைகுறையாக மூடிய குழிகளை ஆழமாக வெட்டி, சுண்ணாம்பு போட்டு, நாய் தோண்டாதபடி மேலே முள் வைத்தார்கள். குட்டி விழுந்த இடத்து வைக்கோலை எரித்தார்கள். கிடையில் உடுத்திய வேட்டி சட்டையை ஆண்களே துவைத்தார்கள். கர்ப்பிணி அந்தத் துணியைத் தொட்டாலும் ஆபத்துதான்.

சுகாதார நிலையத்தில் மருமகளைப் பரிசோதித்து, காய்ச்சல், உடம்புவலி எது வந்தாலும் அந்த நிமிடமே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மாமியார் தினமும் இரவில் எழுந்து மருமகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் வரவில்லை. வளைகாப்பு குறித்த நாளில் நடந்தது. வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது.

கிடை போடுகிறவர்களும் போடச் சொல்கிறவர்களும் மனதில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு ஆடு குறைக்குட்டி போட்டாலே மருத்துவரிடம் சொல்லுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. புருசெல்லா, கியூ காய்ச்சல் கிருமிகளாலும் குட்டி விழும். அவையும் மனிதருக்குத் தொற்றும். கண்ணால் பார்த்து எதுவென்று பிரிக்க முடியாது. அதனால் கொடியையும் குட்டியையும் பரிசோதனைக்குக் கொடுத்த பிறகே புதையுங்கள். வெறுங்கையால் குட்டியை இழுக்காதீர்கள். கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள். பாலைக் காய்ச்சியே குடியுங்கள். குட்டி வீசிய மந்தையிலிருந்து பெட்டையாடு வாங்காதீர்கள். நோஞ்சான் குட்டிக்குப் பால் புகட்டுவது எந்த வீட்டிலும் பெண்கள் வேலையாகவே இருக்கிறது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை ஆண்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாசி வருவதற்கு முன்பே கீதாரியிடமிருந்து போன் வந்தது.

"அய்யா, இந்த வருஷமும் இளசுல ரெண்டு குட்டி வீசிடுச்சு. வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடணும்ல?"

விவசாயி கொஞ்சம் யோசித்தார். உள்ளே பேத்தி அழும் சத்தம் கேட்டது.

"அந்த ரெண்டையும் தனியா கட்டிட்டு, அங்க இருக்குற டாக்டர்கிட்ட காட்டுங்க. அவர் சரின்னதும் கெளம்பி வாங்க. நம்ம டாக்டரையும் வயலுக்கு வரச் சொல்லி வைக்கிறேன்" என்றார்.