நீருக்குள் ஒரு கண்

ஒரு கருவியைப் பார்த்ததும் அது என்ன செய்யும் என்று கேட்கிறோம். எதற்கு அஞ்சுகிறது என்று கேட்பதில்லை. நீரடிப் புகைப்படக் கருவியின் வடிவத்தைத் தீர்மானித்தது அந்த அச்சம்தான்.

பத்து மீட்டர் இறங்கும்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 1893இல் பிரான்சின் பான்யூல் கடலில் படமெடுத்த உயிரியலாளர் லூயி பூத்தான், கேமரா இருந்த உலோகப் பெட்டியோடு காற்றடைத்த ரப்பர் பை ஒன்றை இணைத்தார். நீர் பையை அழுத்த, அதிலுள்ள காற்று பெட்டிக்குள் புகும். உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகும். கடலை எதிர்க்காமல் அதன் விசையையே துணைக்கொண்ட யோசனை.

பின்னர் ஜாக் கூஸ்தோவுக்காக பெல்ஜியப் பொறியாளர் ஜான் டி வூட்டர்ஸ் கலிப்ஸோவை உருவாக்கினார். தனிப் பெட்டி தேவையில்லை. கேமராவின் உடலே நீர்புகாதது. 1963இல் நிக்கான் அதை நிக்கானோஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. அவ்வரிசை 2001இல் நின்றுபோனது.

நண்பர்கள் மூவர் சேர்ந்து நாங்கள் வாங்கியது, 1984இல் வெளிவந்த ஐந்தாம் மாதிரி. இறங்குமுன் ரப்பர் வளையங்களைக் கழற்றித் துடைத்து, மெல்லிய பசை தடவிப் பொருத்துவோம். ஒரு மயிரிழை சிக்கினாலும் கடல் உள்ளே வந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் எங்களுக்குள் பேச்சே இராது.

இக்கருவியின் காட்சித்துளை வழியே குவியத்தைச் சரிபார்க்க இயலாது. தொலைவைக் கண்ணால் மதிப்பிட்டு லென்ஸில் வைக்க வேண்டும். நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைவதால், 1.2 மீட்டரில் உள்ள மீன் 90 சென்டிமீட்டரில் இருப்பதாகத் தோன்றும். 35 மில்லிமீட்டர் லென்ஸில் வைக்கவேண்டியது அந்தத் தோற்றத் தொலைவையே. அளவுநாடாவால் அளந்து மெய்யான தொலைவை வைத்தால் படம் மங்கும். ஏனெனில் லென்ஸும் நம் கண்ணைப் போலவே ஏமாறுகிறது.

நிறத்தில் இந்த ஒற்றுமை உடைகிறது. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மறையத் தொடங்கிவிடும். மின்னொளி பாய்ச்சினால் மீன் செக்கச்செவேலென்று படத்தில் வரும். நாங்கள் கீழே பார்த்ததோ சாம்பல்நிற மீனை. அப்படியானால் அந்தச் சிவப்பு யாருடையது? மீனுடையதுதான், ஒளி அதை வெளிப்படுத்துகிறது என்றார் ஒரு நண்பர். அந்த ஆழத்தில் இல்லாத ஒன்றை நாம் கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்றார் மற்றவர். இருவர் சொல்வதையும் மறுக்க முடியவில்லை.

நீருக்கடியில் பிலிம் மாற்ற வழியில்லை. கையில் இருப்பவை 36 படங்கள். அவற்றில் பாதியை விளக்கின்றியே எடுப்பது என்று முடிவுசெய்தோம். அவை நீலமும் சாம்பலுமாக, சற்றே கலங்கி வருகின்றன. பார்ப்பவர்கள் சிவப்பு மீனையே வியக்கிறார்கள். நாங்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது மற்றவற்றை. அங்கே நாங்கள் கண்டது அவற்றில்தான் இருக்கிறது.