விதையும் மாதமும்

அரிசி வாங்கும்போது நம்மவர் ரகத்தின் பெயரைக் கேட்பார்கள். எந்தப் பட்டத்தில் விளைந்தது என்று கேட்பாரில்லை. திருவள்ளூர் ஜில்லாவில் பட்டங்கள் மூன்று: சித்திரையை ஒட்டிச் சொர்ணவாரி, ஆடி ஆவணியில் சம்பா, மார்கழி தையில் நவரை.

பழைய சம்பா நெல், பகற்பொழுது குறுகுவதை அறிந்தே கதிர் விடும். நாள் கடந்து விதைத்தாலும் அது பூக்கும் காலம் அதிகம் தள்ளிப்போகாது. தூர் கட்டும் நாட்களே குறையும். விளைச்சல் சுருங்க வேறென்ன வேண்டும்? இக்காலக் குறுவயது ரகங்களுக்கு இந்தக் கட்டு இல்லை. ஆனால் நவரையில் தாமதித்தால் அவை கோடை வெயிலில் அகப்படும். பூக்கும் வேளையில் வெப்பம் 35 டிகிரிக்கு மேற்பட்டால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். மணி முற்றும்போது சுட்டெரித்தாலோ அரிசியில் வெள்ளை விழுந்து, மில்லில் குருணையாக நொறுங்கும். ஒரே விதை, ஒரே வயல். அரிசி மட்டும் வேறு!

பட்டம் தவறுவதற்கு மழை மட்டும் காரணமன்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளை நாடிக் கைகள் போய்விட்டபின், நடவுக்கு ஆள் அருமை. அவர்களை நாம் குறைகூறோம். மாதச் சம்பளக்காரர் வாயில் அது அழகன்று. ஆயினும் நாற்று காத்திராதே! வயதில் மாதத்திற்கு ஒரு வாரம் என்பது நாற்றின் கணக்கு. மூன்றரை மாத நெல்லின் நாற்று 25 நாளைத் தாண்டி நாற்றங்காலிலேயே கிடந்தால், நட்டபின் தூர் கட்டாது.

நல்விதைக்கு இங்கே பஞ்சமில்லை. உலகறிந்த ஐ.ஆர். 20 நெல்லின் பெற்றோருள் ஒன்று, திரூர் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6. வேண்டுவது, உரிய வாரத்தில் வந்து நிற்கும் நடவு இயந்திரமே. கிராமத்தார் கூடி ஒன்றை அமர்த்தி, அதன் முறைக்கேற்ப நாற்றுவிடும் நாளைப் பகிர்ந்துகொள்ளலாகாதா?