டேட்டாபேஸும் நானும் ஓர் அனாமத்துக் கணக்கும்

பி.காம் படிக்கிற பையனுக்கும் டேட்டாபேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். போன மாதம் மூன்று நாட்கள் நானும் அதையேதான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கதை இதுதான். கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். சிதம்பரத்தில் பிஎச்.டி செய்கிறார், அண்ணாமலை நகரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். தேவனாம்பட்டினம், ராசாப்பேட்டை, சோதிக்குப்பம், அந்தப் பக்கம் கிள்ளை, முடசல்ஓடை என்று கடலோர ஊர்களில் மீன் விற்கிற பெண்களிடம் கடன், வட்டி, மகளிர் குழு பற்றியெல்லாம் பேசி ரெக்கார்ட் செய்திருக்கிறார். மொத்தம் 43 பேட்டிகள். அதில் பாதியைக் கேட்டு டைப் அடித்துக் கொடுத்தவன் அடியேன். (பக்கத்துக்கு இவ்வளவு என்று காசும் வாங்கினேன், பொய் சொல்லக்கூடாது.)

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"தம்பி, புது லேப்டாப்ல அந்த சாஃப்ட்வேர் போட்டேன்டா. டேட்டாபேஸோட கனெக்ட் பண்ண முடியலன்னு சொல்லுது. திங்கட்கிழமை கமிட்டி மீட்டிங். எதாவது பண்ணு."

பழைய லேப்டாப் மதர்போர்டு போய் மூச்சை விட்டிருந்தது. புராஜெக்ட் கோப்பு மட்டும் இரண்டு பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. அதாவது பெட்டி இருக்கிறது, பெட்டிக்குள் எட்டு மாத உழைப்பும் இருக்கிறது, திறக்கத்தான் முடியவில்லை.

இந்த இடத்தில் அது என்ன மென்பொருள் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம், தப்பு அதன் மேல் மட்டும் இல்லை. இந்த வகை மென்பொருள் எண்களைக் கூட்டிக் கழிப்பதற்கு இல்லை, பேச்சை அலசுவதற்கு. முன்பெல்லாம் ஆராய்ச்சி செய்பவர்கள் பேட்டிகளைத் தாளில் அடித்து, கத்தரிக்கோலால் வெட்டி, "வட்டி", "நகை அடகு", "குழுச் சண்டை" என்று தனித்தனிக் கவரில் போட்டு வைப்பார்களாம். இதைக் கணினியில் செய்ய வைத்த முதல் ஆட்களில் ஒரு தம்பதி ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள். மெல்போர்னில் உள்ள லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் லின் ரிச்சர்ட்ஸ் சமூகவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கணினி தெரிந்த அவர் கணவர் டாம் ரிச்சர்ட்ஸ், 1981-இல் மனைவியின் வேலைக்காக ஒரு நிரல் எழுதினார். அதற்கு வைத்த பெயரின் சுருக்கம் 'நூடிஸ்ட்'. (கூகுளில் தேடுகிறவர்கள் ஜாக்கிரதை!) 1989 வாக்கில் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இன்னொரு திட்டத்திலிருந்து அட்லஸ்.டிஐ வந்தது. பிறகு நிறைய வந்துவிட்டன.

காமர்ஸ் மாணவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். பேட்டி என்பது சான்றுச்சீட்டு. அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்வது, குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு எடுத்து எழுதுவது மாதிரி. கடைசியில் 'வட்டி' என்று ஒரு பக்கத்தைத் திறந்தால் 43 பெண்களும் வட்டியைப் பற்றிச் சொன்னது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அக்கா எட்டு மாதமாகப் போட்டது அந்தப் பேரேடு.

சரி, பிரச்சினைக்கு வருவோம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி போனிலேயே வைத்தியம் பார்த்தேன். நம் ஊர் வைத்தியம்தான். அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுப் போடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். மூன்று முறை இன்ஸ்டால் செய்ததில் அக்காவின் மொபைல் டேட்டா தீர்ந்ததுதான் மிச்சம். அதே செய்தி, அதே சிவப்புப் பெருக்கல் குறி.

சனிக்கிழமை காலை பஸ் பிடித்தேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டுகிற வரைக்கும் பெரிய ஹீரோ மாதிரி ஒரு நினைப்பு. அங்கே போய் உட்கார்ந்ததும் போய்விட்டது. மத்தியானம் இரண்டு மணி வரை வெள்ளிக்கிழமை செய்ததையே நேரில் செய்தேன், அவ்வளவுதான்.

கடைசியில் வெறுத்துப்போய், "அக்கா, பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்வீஸ் கடை இருக்கு. பென் டிரைவோட கொடுத்துட்டுப் போயிடலாம், நாளைக்கு வாங்கிக்கலாம்" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. "உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?" என்று மட்டும் கேட்டார்.

தெரியும். நான்தான் டைப் அடித்தேன். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்கிய கடன், மகள் நகையை அடகு வைத்தது, வாரத் தவணைக்கு ஆள் வரும்போது பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது என்று எல்லாம் அதில் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு யார் யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதும் இருக்கிறது. பேர் சொல்லித் திட்டியவர்களும் உண்டு. அக்கா பெயர்களை எல்லாம் மாற்றித்தான் வைத்திருந்தார். ஆனால் ரெக்கார்டிங்கில் குரல் இருக்கிறதே! கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே அப்படியொன்றும் பெரிய தூரம் இல்லை. கடையில் ஹெட்போன் மாட்டி ஒருத்தர் இரண்டு நிமிடம் கேட்டால், "இது எங்க சித்தி குரலாச்சே" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"இது யார் கைக்கும் போகாதுன்னு சொல்லித்தான் அவங்களைப் பேச வெச்சேன். டிகிரி கிடைக்கலன்னா பரவால்ல, இதைக் கடையில கொடுக்க மாட்டேன்" என்றார் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. நான் டைப் அடிக்கும்போது அதைப் பக்கமாகத்தான் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு இத்தனை ரூபாய். அந்த அம்மாக்களிடம் அக்கா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார், அதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று அந்த நிமிடம் வரை தோன்றவே இல்லை.

அப்புறம்தான் ஒழுங்காக யோசிக்க ஆரம்பித்தேன்.

இருப்பாய்வு டேலி ஆகாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பிளஸ் ஒன்னிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதச் சொல்ல மாட்டார்கள். வித்தியாசம் எவ்வளவு என்று முதலில் பார். இரண்டால் வகுபட்டால், அதில் பாதித் தொகையைத் தப்பான பக்கத்தில் எழுதியிருக்கலாம். ஒன்பதால் வகுபட்டால் 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கலாம். எதுவும் பிடிபடவில்லையா? அனாமத்துக் கணக்கில் போட்டுவை, காரணம் தெரிகிறவரை எதையும் திருத்தாதே. நானோ முந்தின நாளிலிருந்து நோட்டைக் கிழித்துக் கிழித்து எழுதிக்கொண்டிருந்தேன்!

முதல் கேள்வி: பேச வேண்டிய அந்த டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது? நாம் பார்க்கும் ஜன்னல், பட்டன் எல்லாம் வெறும் முன்கடை. பின்னால் குடோன் மாதிரி இன்னொரு நிரல் ஓடுகிறது. இந்த மென்பொருளுக்குப் பின்னால் இருந்தது எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். விண்டோஸில் 'சர்வீசஸ்' பட்டியலைத் திறந்து பார்த்தால் அது நின்று கிடந்தது. ஸ்டார்ட் கொடுத்தால் மறுபடி படுத்துக்கொண்டது. ஆக, கனெக்‌ஷனில் கோளாறு இல்லை, எதிர்முனையில் ஆளே இல்லை. போன் லைன் சரியாக இருக்கிறது, வீட்டில் யாரும் இல்லை. பாதி விடை கிடைத்தாயிற்று.

இரண்டாவது கேள்வி: ஏன் படுத்துக்கொள்கிறது? அதை அதுவே எழுதி வைத்திருந்தது. எஸ்க்யூஎல் சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும் 'எர்ரர் லாக்' என்று ஒரு கோப்பில் வரிசையாகக் குறிப்பு எழுதும். நோட்பேடிலேயே படிக்கலாம். ஒன்றரை நாளாக நான் அதைத் திறக்கவே இல்லை. திறந்தேன். கடைசிப் பகுதியில், லாக் எழுதுவதில் 256 முறை இடம் தவறியது என்கிற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைத் தேடினால் மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கமே வந்து நின்றது.

விஷயம் இதுதான். வட்டில் தகவல் கட்டம் கட்டமாகத்தான் எழுதப்படும். ஒரு கட்டத்துக்கு செக்டார் என்று பெயர். எஸ்க்யூஎல் சர்வருக்கு 512 பைட் கட்டமும் தெரியும், 4096 பைட் கட்டமும் தெரியும். அதற்கு மேல் தெரியாது. புதிதாக வரும் சில எஸ்எஸ்டி வட்டுகள் தங்கள் கட்டம் அதைவிடப் பெரியது என்று சொல்கின்றன. விண்டோஸ் 10 இதைக் கண்டுகொள்ளவில்லை. விண்டோஸ் 11 வட்டு சொன்னதை அப்படியே மேலே சொல்கிறது. டேட்டாபேஸ் எப்போதும் முதலில் லாகில் எழுதிவிட்டுத்தான் கோப்பில் எழுதும். நம் பாஷையில், குறிப்பேட்டில் எழுதாமல் பேரேட்டில் ஏற்றாது. குறிப்பேட்டின் கோடுகளே பழக்கமில்லாத அளவில் இருந்தால்? பேனாவை மூடி வைத்துவிடுகிறது. ஒரு விதத்தில் நல்ல கணக்குப்பிள்ளைதான்.

செக்டார் அளவைக் காட்டுகிற கட்டளையைக் கமாண்ட் பிராம்ப்ட்டில் அடித்தேன். 4096 வரவேண்டிய இடத்தில் 16384. "அக்கா, மாட்டிக்கிச்சு!" என்று நான் கத்தியதில் பக்கத்து அறைப் பெண் எட்டிப் பார்த்தார்.

இதற்குள் இருட்டிவிட்டது. அந்த உதவிப் பக்கத்தில் மருந்தும் இருந்தது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்தால், கட்ட அளவு 4096 என்று விண்டோஸ் மேலே சொல்லும். ஆனால் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க எனக்குப் பயம். கடைசி பஸ்ஸுக்கு நேரமானதால் கிளம்பிவிட்டேன். ஞாயிறு காலை திரும்பி வந்து, முதலில் ரெஜிஸ்ட்ரிக்கு ஒரு காப்பி எடுத்து, பென் டிரைவ் கோப்புக்கு மூன்றாவது காப்பி எடுத்து, அந்த வரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துச் சேர்த்து, ரீஸ்டார்ட் செய்து, மென்பொருளையும் டேட்டாபேஸையும் அழித்து நான்காவது தடவையாக இன்ஸ்டால் செய்தேன்.

சர்வீஸ் 'ரன்னிங்' என்றது. கோப்பைத் திறந்தோம். ஒரு நிமிடம் வட்டம் சுற்றியது. பிறகு இடது பக்கம் வரிசையாகத் தலைப்புகள் வந்தன. வட்டி, தவணை, நகை அடகு, குழுத் தலைவி, 'தானே' புயல் 2011...

அக்கா நன்றி எல்லாம் சொல்லவில்லை. முதல் வேலையாக எல்லாப் பேட்டிகளையும், எல்லாத் தலைப்புகளையும் சாதாரண வேர்ட் கோப்புகளாக ஏற்றுமதி செய்து பூட்டி வைத்தார். அப்புறம்தான் டீ வாங்கிக் கொடுத்தார்.

இதே சிக்கலில் யாராவது மாட்டினால், நான் கஷ்டப்பட்டுக் கற்றது:

1. முதலில் புராஜெக்ட் கோப்பை வேறு இடத்தில் காப்பி எடுங்கள். அதன் பிறகுதான் வைத்தியம். பென் டிரைவிலிருந்து நேராகத் திறக்காதீர்கள்.

2. சர்வீசஸ் பட்டியலைப் பாருங்கள். டேட்டாபேஸ் ஓடுகிறதா, நின்றுவிட்டதா? ஓடுகிறது என்றால் அனுமதி, ஃபயர்வால் பக்கம் பாருங்கள். நின்றுவிட்டது என்றால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

3. எர்ரர் லாகைப் படியுங்கள். திரையில் வரும் செய்தி முன்கடைப் பையன் சொல்வது. குடோனில் நடந்தது லாகில்தான் இருக்கும்.

4. புது லேப்டாப், விண்டோஸ் 11 என்றால் செக்டார் அளவைப் பாருங்கள். 4096-க்கு மேல் இருந்தால் நூறு முறை இன்ஸ்டால் செய்தாலும் பலன் இல்லை. விண்டோஸையே அழித்துப் போட்டாலும் வட்டு அதே வட்டுதான்.

5. ஒரே மென்பொருளால் மட்டும் திறக்கக்கூடிய கோப்பை நம்பி எட்டு மாதம் உட்காராதீர்கள். அவ்வப்போது சாதாரணக் கோப்பாகவும் எடுத்து வையுங்கள். இந்த வகை மென்பொருள்களுக்கு இடையே புராஜெக்ட்டை மாற்றிக்கொள்ள ரெஃபி-க்யூடிஏ என்று ஒரு பொது வடிவமும் இருக்கிறது. உங்களுடையதில் அந்த வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

6. அடுத்தவர் சொன்ன ரகசியம் உள்ளே இருந்தால், லேப்டாப்பை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று இரண்டு முறை யோசியுங்கள். தூரத்திலிருந்து திரையைப் பிடித்துச் சரி செய்து தருகிறேன் என்பவரும் அந்தக் கடைக்காரரும் ஒன்றுதான்.

திங்கட்கிழமை மீட்டிங் நல்லபடியாக முடிந்தது. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் என் கணினியில் டைப் அடித்ததன் பழைய பிரதிகள் இருக்கிறதா என்று தேடினேன். பதினேழு கோப்புகள், 'டவுன்லோட்ஸ்' என்கிற போல்டரில், என் தம்பி கேம்ஸ் இறக்கும் அதே இடத்தில் அனாதையாகக் கிடந்தன. அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "அழிச்சிடு. ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிடு" என்றார்.

அழித்துவிட்டேன். ஆனால் டைப் அடித்த குரல்கள் இன்னும் காதில் இருக்கின்றன. போன வாரம் மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது ஒரு குரல் ரொம்பத் தெரிந்த குரலாகப் பட்டது. நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி, "சங்கரா என்ன விலைம்மா?" என்று கேட்டேன்.