நோட்டுல இடம் விட்டு வச்சிருக்கேன்

இந்தத் தடவை விவசாயம் பத்தி எழுதல. வீட்டுக் கணக்கு பத்தியும் என் உடம்பு பத்தியும் எழுதுறேன். எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். வீட்ல கேட்டேன். "நடந்தது தானே, எழுதுங்க. ஆனா குறைச்சு எழுதாதீங்க"ன்னு சொல்லிட்டாங்க.

எங்க ஊர் பேராவூரணி பக்கம். இரண்டரை ஏக்கர் தென்னை, மூணு மா நெல்லு, ரெண்டு மாடு. மூணு மான்னா சுமார் ஒரு ஏக்கர். பத்தாவது வரைக்கும் படிச்சதுல எனக்கு உருப்படியா ஒட்டுனது கணக்கு ஒண்ணு தான். கல்யாணம் ஆன வருசம் எங்கப்பா ஒரு நீள நோட்டு வாங்கிக் குடுத்து, "தினம் ராத்திரி எழுதிட்டுப் படு"ன்னாரு. இருபத்தஞ்சு வருசம் எழுதினேன். மாட்டுக்குப் புண்ணாக்கு, பிள்ளைக்குச் சிலேட்டு, மொய், எல்லாம் இருக்கும்.

அந்த நோட்டுல கடைசி வரி 2018 நவம்பர் 14. "காய் வெட்டுக் கூலி 450". ரெண்டு நாள் கழிச்சு 16-ஆம் தேதி விடியறதுக்குள்ள கஜா வந்துட்டுப் போயிடுச்சு. 170 மரத்துல நின்னது 31. அரசாங்கம் விழுந்த மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும், ஆக ஒரு மரத்துக்கு 1,100 குடுத்தது. இல்லேங்கல. ஆனா அது எங்கப்பா வச்ச மரம். நாப்பது வருசம் காய்ச்ச மரம். புதுக்கன்னு வச்சா, நெட்டை-குட்டை ரகமே நாலஞ்சு வருசம் ஆகும் காய் பாக்க. அந்த நாலஞ்சு வருசத்துக்கு நோட்டுல எழுத என்ன இருக்கு? வரவுப் பக்கம் வெள்ளையா கிடக்குறதைப் பாக்க முடியாம நோட்டை மூடி பரண்ல போட்டேன். தப்பு அங்க தான் ஆரம்பிச்சது. வரவு இல்லாத காலத்துல தான் செலவை எழுதணும். நான் தலைகீழா செஞ்சேன்.

2020-ல சர்க்கரைன்னு சொன்னாங்க. எனக்கு நம்பிக்கையே இல்ல. மண்ணுல வேலை செய்யிறவனுக்கு சர்க்கரை வராதுன்னு டவுன்ல இருக்கிறவங்களும் நினைக்கிறாங்க, நாங்களும் நினைக்கிறோம். உண்மை என்னன்னா, உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மிசின், தோப்புக்குப் போக டிவிஎஸ் எக்ஸெல். எங்கப்பா காலத்துச் சோத்தை அப்படியே சாப்பிடுறேன், எங்கப்பா பார்த்த வேலையில கால்வாசி தான் பாக்குறேன். அப்பறம் எங்கேருந்து சர்க்கரை வராம இருக்கும்?

முதல் தடவை ஒழுங்கா தான் இருந்தேன். மாத்திரை வீட்டுக்கே வந்தது, மக்களைத் தேடி மருத்துவம்னு 2021-ல ஆரம்பிச்சாங்கள்ல, அதுல. நடந்தேன். நோட்டைக்கூட எடுத்துத் தூசி தட்டி மறுபடி எழுதினேன். ரெண்டு வருசம் நல்லா போச்சு. "நீங்களா இப்படி?"ன்னு வீட்ல சிரிப்பாங்க.

2023 புரட்டாசியில அம்மா போயிட்டாங்க. எண்பத்து மூணு வயசு, கல்யாணச் சாவுன்னு எல்லாரும் சொன்னாங்க. சொல்லிட்டு, பதினாறாம் நாளை அப்படித்தான் செய்யணும்னும் சொன்னாங்க. பந்தல், மைக், முன்னூறு பேருக்குச் சாப்பாடு. கையில பணம் இல்ல. வீட்ல இருந்த நாலு பவுன் சங்கிலி ஏற்கனவே பேங்குல 96,000-க்கு அடமானத்துல இருக்கு. அதனால வெளியில ஒருத்தர்கிட்ட 40,000 வாங்கினேன். மூணு வட்டி. டவுன் ஆளுங்களுக்குச் சொல்லணும்னா, நூத்துக்கு மாசம் மூணு ரூபா, மாசம் 1,200. இதை வீட்ல சொல்லல. "தோப்புக் காய் ஏவாரி முன்பணம் குடுத்தாரு"ன்னு ஒரு பொய்.

அந்தப் பொய்யை நோட்டுல எழுத முடியாதுல்ல? அதனால நோட்டு நின்னுச்சு. நோட்டு நின்னதும் ஒவ்வொண்ணா எல்லாம் நின்னுச்சு. விடியக்காலம் எழுந்து நடக்கப் பிடிக்கல. அம்மா படுத்திருந்த திண்ணையைத் தாண்டித் தான் வெளியில போகணும். எக்ஸெல்லை எடுத்துக்கிட்டு நேரா டீக்கடை. காலையில ரெண்டு டீ, ரெண்டு வடை. சாயங்காலம் ஒரு டீ, ஒரு வடை. டீ 12, வடை 8. அங்க உக்காந்திருந்தா யாராவது அம்மாவைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுவாங்க, அது தேவைப்பட்டுச்சு எனக்கு. மாத்திரையை வாங்கி வாங்கி மாட்டுக்கொட்டகையில மருந்து டப்பாவுக்குள்ள போட்டுட்டேன். ஏன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியல. சாகணும்னு எல்லாம் இல்ல. ஒரு வீம்பு.

2024 மாசி மாசம் தோப்புல மட்டைச் சிம்பு ஒண்ணு வலது கால்ல ஏறியிருக்கு. ஏறுனது எனக்குத் தெரியவே இல்ல. மூணாம் நாள் செருப்புல ஈரமா இருக்கேன்னு பாத்தா சீழ். சர்க்கரை இருக்கிறவங்க இதைக் கவனிச்சுக்கணும், கால்ல உணர்ச்சி குறைஞ்சிடும், குத்துனா வலிக்காது. வலிக்காததுனால ஒண்ணுமில்லன்னு நினைச்சுக்குவோம். அரசு ஆஸ்பத்திரியில பாத்தப்போ சர்க்கரை 342. மூணு மாசச் சர்க்கரை 10.4. டிரெஸ்ஸிங் பண்ணின நர்ஸம்மா எங்க மக வயசு இருக்கும். "அப்பா, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டியிருந்திருக்கும்"னு மெதுவா சொன்னுச்சு. திட்டியிருந்தா தேவல.

ஏழு வாரம். ஒருநாள் விட்டு ஒருநாள் டிரெஸ்ஸிங். தரையில கால் ஊனக் கூடாது. பால் கறக்குறது, சங்கத்துக்கு ஊத்துறது, தண்ணி பாய்ச்சுறது எல்லாம் வீட்ல தான். நான் திண்ணையில, அம்மா படுத்திருந்த அதே இடத்துல.

நான் போகாததால டீக்கடைப் பையன் வீட்டுக்கு வந்துட்டான். "அத்தை, மாமா பாக்கி 1,860 நிக்கிது"ன்னான். வீட்ல ஒண்ணும் பேசல. அன்னைக்கு ராத்திரி பரண்ல ஏறி நோட்டை எடுத்தாங்க. எட்டாவது வரை படிச்சவங்க, எழுத்து பெருசு பெருசா இருக்கும். "இவுக டீ வடை 1,860" அப்படின்னு ஒரு வரி. கீழ ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பாத்துட்டு நான் தூங்கல. நாளைக்கு 60, வருசத்துக்கு 21,900. சங்கிலிக்கு பேங்கு வட்டி வருசம் 8,640. கணக்குல புலின்னு பேர் எடுத்தவன் நான்.

அதுக்கு ஒரு வாரம் கழிச்சு வட்டிக்காரர் வண்டியில வந்தாரு. நல்ல மனுசன் தான், முதல்ல கால் எப்படியிருக்குன்னு கேட்டாரு. அப்பறம், "ரெண்டு மாசமா வட்டி நிக்கிது, அதான் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு." வீட்ல உள்ள போய் காபி போட்டுக் கொண்டாந்து குடுத்தாங்க. அவர் போற வரைக்கும் ஒரு வார்த்தை இல்ல. போனதும் நோட்டை எடுத்துட்டு என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க.

"இஞ்சாருங்க, 40,000 எழுதிட்டேன். வேற ஏதாச்சும் இருக்கா? இருந்தா இன்னைக்கே சொல்லிடுங்க. நோட்டுல இடம் விட்டு வச்சிருக்கேன்."

உரக்கடையில 6,300. கூட்டாளி ஒருத்தர்கிட்ட 2,000. சொன்னேன். எழுதினாங்க. அப்பறமும் பேனாவை மூடல. "மாத்திரை நாலு மாசமா போடல"ன்னேன். அதையும் எழுதினாங்க, கடன் பட்டியல்லயே, 2,000-க்குக் கீழ. எழுதி முடிச்சு முந்தானையில முகத்தைத் துடைச்சுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாங்க.

கடன் எப்படி அடைஞ்சதுன்னு கேப்பீங்க. அதிசயம் ஒண்ணும் இல்ல. கிடேரி ஒண்ணு வளந்து நின்னுச்சு, 24,000-க்கு வித்தோம். பேரப்பிள்ளைக்குப் பால் மாடா நிக்கும்னு வளத்தது. அது முழுசும் மூணு வட்டிக்காரருக்கு. மீதி 16,000, வட்டி 480 ஆச்சு. அதை ஆடி வரைக்கும் இழுத்து அடைச்சோம். பேங்குல இருந்து சங்கிலி ஏலத்துக்கு நோட்டீஸ் வந்தப்போ திருப்பூர்ல இருக்குற மகன் வட்டிப் பணம் அனுப்பினான், திருப்பி வச்சோம்.

பட்ஜெட்டுன்னு டவுன்ல சொல்றது மாசச் சம்பளக்காரங்களுக்குச் சரி. எங்களுக்குப் பணம் மாசா மாசம் வராது. தேங்காய் வெட்டு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, நெல்லு வருசத்துக்கு ஒருக்கா, பால் பணம் தான் கொஞ்சம் கொஞ்சமா வரும். வெட்டுப் பணம் மொத்தமா கையில வந்த அன்னைக்கு நாம ராஜா. அடுத்த வாரம் மறுபடி பழைய கதை. இப்ப வீட்ல ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. காய் பணம் வந்தா முதல்ல சங்கிலிக்கு ஒரு பங்கு, தோப்புக்கு ஒரு பங்கு எடுத்து வச்சுட்டு, மீதியை அறுபதால வகுத்துடுவாங்க. வர்றது தான் ஒருநாள் கூலி. அதுக்கு மேல அன்னைக்கு வீட்ல செலவு கிடையாது. மிஞ்சினா மறுநாளைக்கு. என் சர்க்கரைக்கும் இதே வகுத்தல் தான். சோறு மூணு கரண்டி, அதுக்கு மேல கேட்டா "நாளைக்குப் பங்கு"ம்பாங்க. தட்டுல மீதி இடத்துக்கு வரப்புல முளைக்கிற கீரை, முருங்கை, வாழைப்பூ, மல்லிப்பட்டினத்துல இருந்து சைக்கிள்ல வர்ற காரப்பொடி. காசு குறைஞ்ச சாப்பாடு தான்.

சிறுதானியம் பத்தி நிறைய பேர் சொல்றாங்க. கேப்பைக் கஞ்சி ரெண்டு சொம்பு குடிச்சுட்டு அளந்து பாத்தேன், அதுலயும் எகிறுது. கேப்பையானாலும் அளவு அளவு தான். இதைவிடக் கொடுமை, தென்னந்தோப்புக்காரன் நான், எளநியையும் யோசிச்சுத் தான் குடிக்கணும்.

ஒழுங்காவே இருக்கேன்னு நினைச்சுடாதீங்க. போன தீபாவளிக்கு அதிரசம் ஆறு. மறுநாள் சொன்னேன், அதுவும் நோட்டுல ஏறிடுச்சு. அதுக்கு அடுத்த ரெண்டு நாள் வீம்புல நடக்கப் போகல. முன்னன்னா அந்த ரெண்டு நாள் ஆறு மாசம் ஆகியிருக்கும். மூணாம் நாள் வாசல்ல செருப்பை எடுத்துப் போட்டு வச்சிருந்தாங்க. போனேன்.

கடைசியாப் பாத்தப்போ மூணு மாசச் சர்க்கரை 7.6. ஏழுக்குள்ள வரணும்னு டாக்டர் சொல்றாரு. டீக்கடைக்குப் போறது நிக்கல, நடந்து போறேன். சர்க்கரை இல்லாம ஒரு டீ, காசு குடுத்துட்டு. அம்மா பேச்சு இப்பவும் அங்க வரும். புதுக்கன்னு காய்க்க ஆரம்பிச்சாச்சு, வெள்ளை ஈ தொல்லை இருந்தாலும் போன வெட்டுக்கு 1,100 காய், காய் 24 ரூபாய்க்குப் போச்சு. 2023-ல இதே காய் 9 ரூபாய். விலை நிக்குமான்னு யாருக்கும் தெரியாது. சங்கிலிக் கடன் 61,000-க்கு வந்திருக்கு.

அம்மா திண்ணையில இப்ப நான் ராத்திரி நோட்டு எழுதுறேன். பணப் பக்கம் நானு, மாத்திரைப் பக்கம் அவங்க. சங்கிலி தை மாசத்துக்குள்ள கழுத்துக்கு வருமான்னு நேத்து கேட்டாங்க. கணக்குப் போட்டுப் பாத்தேன், வராது, சித்திரை ஆகும். அப்படியே சொல்லிட்டேன். "சரி, சித்திரைன்னே எழுதுங்க"ன்னாங்க.

வெட்டுக்காரர் வந்துட்டாரு, கூப்பிடுறாங்க. போகணும்.