தொண்ணூறு நாள் கணக்கு

"பையன் என்ன பண்றானுங்க?" கொடுமுடி, ஊஞ்சலூர், சிவகிரி என்று நம் பக்கத்தில் எந்தக் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்தாலும் பந்திக்குப் போகும் முன்னால் இந்தக் கேள்வி வந்துவிடும். "பைலட்டுங்க" என்று சொல்லும்போது பெற்றவர்களுக்குக் குரல் கொஞ்சம் ஏறும். ஏறட்டுமே, தோட்டத்துப் பத்திரத்தை வைத்துப் படிக்க வைத்தவர்கள். கம்பெனி நின்றுபோன பிறகு அதே கேள்விக்கு என்ன சொல்வது என்பதில்தான் பல வீடுகள் தடுமாறுகின்றன.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விமானக் கம்பெனி மூடுவது எனக்கு அதிசயமாகப் படவில்லை. தொண்ணூறுகளில் தனியாருக்கு வழி திறந்ததும் ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், சென்னையின் என்இபிசி என்று வந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இவர்களில் ஒருவரும் இல்லை. 2005-ல் பறக்க ஆரம்பித்த பாரமவுண்ட் 2010-ல் நின்றது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர். நம்ம கோயமுத்தூரிலிருந்தே 2016-ல் ஏர் கார்னிவல் கிளம்பியது. ஒரு வருசம் தாங்கவில்லை. கால் நூற்றாண்டு ஓடிய ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ம் தேதி இரவு அமிர்தசரசிலிருந்து கடைசி விமானத்தைக் கிளப்பியது. விமான வாடகையை டாலரில் கட்டி, டிக்கெட்டை ரூபாயில், அதுவும் போட்டி போட்டுக் குறைத்து விற்கிற வியாபாரம் இது. மஞ்சள் மண்டியில் உட்கார்ந்து பழகிய யாரும் இந்தக் கணக்கைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

கம்பெனி போனாலும் கையில் தொழில் இருக்கிறதே என்பார்கள். பைலட் விஷயத்தில் அது பாதிதான் சரி. அந்த லைசென்ஸ் பீரோவில் வைத்தால் உயிரோடு இருக்கும் பத்திரம் கிடையாது. கடந்த 90 நாளில் மூன்று முறை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிமுலேட்டரில் செய்து காட்டிவிட்டுத்தான் மறுபடி பயணிகளோடு பறக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு திறன் சோதனை, அதுபோக மருத்துவச் சோதனை. வேலையில் இருக்கும்வரை இதெல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். வேலை போனால் சொந்தக் காசு. இதில் ஒரு கொடுமை, வேலை போன கவலையில் பிரஷர் ஏறினால் மருத்துவச் சோதனையிலும் சிக்கல் வரும். எனக்குத் தெரிந்த 90 நாள் ஒன்றும் உண்டு. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கியில் அது வாராக் கடன். வேலை இழந்த பைலட்டுக்கு இரண்டு கெடியாரமும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கின்றன.

என் அண்ணன் மகள் வயிற்றுப் பேரன் ஒருவனுக்கு அப்படித்தான் ஆனது. கம்பெனி பெயர் இங்கே எதற்கு? சம்பளம் நின்று பல மாதம் ஆகியும் வீட்டில் மூச்சு விடவில்லை. ஊருக்கு வந்தால் "லீவு" என்பான். போன் வந்தால் வாசலுக்குப் போய்விடுவான். கடைசியில் வங்கி நோட்டீஸ் வந்துதான் அவன் அப்பாவுக்குத் தெரிந்தது. அவர் வாய்விட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பையனை அதிகம் வாட்டியது.

என்னிடம் வந்து, "அப்புச்சி, ஊருக்கு மட்டும் தெரிய வேண்டாமுங்க" என்றான். அதற்கு மட்டும் நான் ஒப்பவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஒறம்பரை எல்லாம் ஆற்றுக்கு வருகிற நாளில், கேட்டவர்களுக்கெல்லாம் "கம்பெனி நின்னு போச்சுங்க, வேற பார்த்துட்டு இருக்கறேன்" என்று அவன் வாயாலேயே சொல்லச் சொன்னேன். சொன்னான். ஒரு பத்துப் பதினைந்து நாள் ஊர் அதையே பேசியது. பிறகு மஞ்சள் விலை இறங்கியது, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. ஊர் பேசும் என்ற பயத்தில் வருசக்கணக்காகப் பொய்யைக் கட்டிக் காப்பவர்களுக்கு இது தெரிவதில்லை: ஊருக்கு அவ்வளவு நேரமும் கிடையாது.

அவன் ஓட்டியது போயிங் 737. வேலை இருந்தது ஏர்பஸ்ஸில். ஒன்றை ஓட்டினவன் அப்படியே மற்றதில் ஏறிவிட முடியாது. தனியாகப் படித்துத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். தோட்டத்துக் கிடங்கில், மஞ்சள் மூட்டைகளுக்கு மேலே சுவரில், ஏர்பஸ் காக்பிட் படத்தைப் பெரிதாக ஒட்டி வைத்திருந்தான். எதிரே பிளாஸ்டிக் நாற்காலி. போயிங்கில் திருப்புகிற பிடி நேர் எதிரே இருக்கும். ஏர்பஸ்ஸில் கேப்டனுக்கு இடக்கைப் பக்கம் ஒரு சிறு குச்சி. அந்தக் குச்சிக்குக் கையைப் பழக்கத்தான் பாடு. கண்ணை மூடிக்கொண்டு வரிசைப்படி ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டு முணுமுணுப்பான். மூட்டை எடுக்க வந்த ஆள் பார்த்துவிட்டு, "தம்பி மந்திரம் சொல்லுதுங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

வங்கிக்கு நான்தான் கூட்டிப் போனேன். வாராக் கடன் ஆவதற்கு முன்னால் போய் நின்றால் தவணையை நீட்டிக் கொடுக்க மேனேஜருக்கு வழி உண்டு. அந்தக் கோடு தாண்டிவிட்டால் அவர் நல்லவராக இருந்தும் பயனில்லை.

அமெரிக்காவில் ஆட்களை நிறுத்துவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. 2020 அக்டோபரில் அமெரிக்கன், யுனைடெட் இரண்டும் சேர்ந்து சுமார் 32,000 பேரைத் தற்காலிகமாக நிறுத்தின. பைலட்டுகளில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே போவார். திரும்பக் கூப்பிடும்போது வரிசை தலைகீழாகும். நம் நாட்டில் அப்படி ஒரு வரிசை இல்லை. சம்பளமில்லா விடுப்பு என்பார்கள். கம்பெனி திவாலானால் பாக்கிச் சம்பளத்துக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஜெட்டை அடியோடு கலைத்துவிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதே 2024 நவம்பரில்தான்.

தொழில் சரிந்த காலத்தில் நின்று காட்டியவர்கள் நம் பக்கத்திலேயே உண்டு. கொடுமுடியில் பிறந்த நாடகப் பாடகி கே.பி.சுந்தராம்பாள் கதை எல்லாருக்கும் தெரியும். 1933 டிசம்பரில் கணவர் கிட்டப்பா இறந்ததும் மேடையை விட்டார். அந்தச் சமயம் நாடகக் கொட்டகைகளையே பேசும்படம் விழுங்கிக்கொண்டிருந்தது. 1935-ல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடத்தில் வந்தார், லட்ச ரூபாய்க்கு. அந்தத் தொகையைத்தான் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். கொட்டகை போன காலத்திலும் குரலை விடாமல் வைத்திருந்தாரே, அதைப் பேசுகிறவர்கள் குறைவு.

பேரன் இப்போது ஏர்பஸ்ஸில் துணை பைலட். முன்பு கேப்டனாக இருந்தவன். தன்னைவிட வயதில் சின்னவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து போவது முதலில் உறுத்தியது என்றான். அவன் அம்மாவுக்கு இன்னும் உறுத்துகிறது.

தொழில் அழிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானம் வாங்குவதாக அறிவித்தது. ஜூனில் இண்டிகோ 500. நடுவே மே மாதம், எஞ்சின் கோளாறில் பாதி விமானங்களை நிறுத்தி வைத்திருந்த கோ ஃபர்ஸ்ட் கையை விரித்தது. மூன்றும் ஒரே அரையாண்டில் நடந்தவை. விமானம் வாங்குகிற சேதிகளை மட்டும் கேள்விப்பட்டவர்கள் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். போன மாதம்கூட வெள்ளகோவில் பக்கமிருந்து ஒரு தம்பதி, மகனைப் பயிற்சிக்கு அனுப்ப. இரண்டு வருசம் சம்பளம் வராவிட்டால் தவணையை யார் கட்டுவது என்று கேட்டேன். வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம் என்று போனார்கள். இன்னும் வரவில்லை.