கரக்பூர்ச் சந்தையும் நம் வீட்டு அடுப்பும்

கரக்பூர் என்றதும் நம்மவர் பலருக்கும் நினைவுக்கு வருவது அதன் பிளாட்பாரந்தான். நீளம் 1,072 மீட்டர். உலகிலேயே நீளமானது என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். 2013-இல் கோரக்பூரும் 2023-இல் ஹூப்ளியும் நம்மை முந்திவிட்டன. பெருமை போனாலும் நீளம் குறையவில்லை. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடப்பவர் எத்தனை பலகாரக் கடைகளைக் கடந்துவர வேண்டியிருக்கிறது என்பதை இங்கே வேலை பார்க்கும் என்போன்ற குமாஸ்தாக்களே அறிவர்.

மாலை ஐந்து மணியானால் ஊரெங்கும் எண்ணெய் மணக்கத் தொடங்கும். 'தேலேபாஜா' என்று வங்காளிகள் சொல்லும் எண்ணெய்ப் பலகாரங்களுக்கு அதுவே முகூர்த்த வேளை. கடலைமாவில் தோய்த்துப் பொரித்த கத்திரிக்காய்க்குப் 'பேகுனி' என்று பெயர். உருளைக்கிழங்கை மசித்து உருட்டிப் பொரித்தது 'ஆலூர் சாப்'. கூடவே காகிதப் பொட்டலம் நிறைய அரிசிப் பொரி. அதை இவர்கள் 'முடி' என்பார்கள். புதிதாக வந்த தமிழர் அந்தப் பெயரைக் கேட்டுத் திடுக்கிடுவதுண்டு. மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்து மக்கள் இதை வீட்டாரோடு கூடி உட்கார்ந்து, பேசிச் சிரித்துக்கொண்டு அளவாக உண்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தனியாக வந்து தங்கியிருக்கும் நம் உத்தியோகஸ்தர் கதை வேறு. பகலெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களின் கோபத்தைத் தாங்கி, மாலையில் கணக்கை நேர் செய்து, ஊரிலிருந்து வந்த செய்தியையும் மனத்தில் சுமந்துகொண்டு வெளியே வருகிறார். கால்கள் தாமாகவே கடைப்பக்கம் திரும்புகின்றன. பசியா என்று கேட்டால் பசி என்றுதான் சொல்லுவார். ஆனால் இரண்டு மணிக்குத்தானே வயிறாரச் சாப்பிட்டார்?

எங்கள் பிரிவில் திண்டுக்கல் பக்கத்து இளைஞர் ஒருவர் இருக்கிறார். தந்தைக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் பல நாட்கள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். மகனோ சென்னைக்கே 1,500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறார். வீட்டிலிருந்து தொலைபேசி வந்த இரவுகளில் அவர் இரண்டு மூன்று தடவை கடைக்குப் போய்வருவார். ஓராண்டில் உடம்பு பெருத்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது என்று டாக்டர் எச்சரித்தார். "சாப்பிடுற நேரத்துல மட்டும் எதுவும் தோணலை சார்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். இருபத்தாறு வயதுப் பிள்ளை சொன்ன அந்த வார்த்தை என் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை.

பத்தாம் வகுப்போடு நின்றவன் வைத்தியம் பேசலாகாது. எனினும் டாக்டர் எங்களுக்கு விளக்கியதைச் சொல்லுகிறேன். திடீர் அதிர்ச்சியில் பசி அடைத்துப்போகும். நாட்கணக்கில் நீடிக்கும் கவலையோ நேர்மாறானது. சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அப்போது கார்ட்டிசால் என்னும் பொருளை மிகுதியாகச் சுரக்கிறது. அது பசியைத் தூண்டுகிறது; அதிலும் இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் நாடச் செய்கிறது. இரவுப் பணியில் தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். ஆகவே அந்த இளைஞரை நாக்கு ருசிக்கு அடிமை என்று ஏசியவர்கள் விஷயம் தெரியாமல் ஏசினார்கள்.

அவருக்கு வழி காட்டியவர் ரயில்வே பட்டறையில் பணிபுரியும் ஒரு பிட்டரின் மனைவி. மதுரைப் பக்கத்து அம்மாள். எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் அக்கா. ஒருநாள் காலை, இரவுப் பணி முடிந்து கையில் பொட்டலத்தோடு வந்தவரை அவர் வாசலிலேயே நிறுத்தினார்.

"தம்பி, பழையது இருக்கு. வெங்காயம் உரிச்சுத் தரவா?"

"வேண்டாங்க்கா, இதுவே போதும்."

"பழையது இறங்காதுன்னா அது வயித்துப் பசி இல்ல தம்பி. உட்காருங்க. அப்பாவுக்கு என்ன ஆச்சு, சொல்லுங்க."

அரைமணி நேரம் அவர் பேசினார்; அழுதார் என்றும் கேள்வி. பிறகு பழையதைத் தாமே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

இங்கே பழைய சோற்றுக்குப் பஞ்சமே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வங்காளிகளுக்கும் அது உண்டு. 'பாந்தா பாத்' என்று பெயர். நம்மைப் போலவே வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொள்ளுகிறார்கள். வடநாட்டில் வேலை பார்ப்போர் புழுங்கலரிசிக்கு அலைகிறார்கள். வங்காளத்திலோ கடைக்குக் கடை அதுதான்.

"நம் காய்கறி இங்கே எது கிடைக்கிறது?" என்று சலித்துக்கொண்டுதான் தனியாட்கள் பலர் அடுப்பையே மூட்டுவதில்லை. அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை கோல் பஜாருக்கு அழைத்துக்கொண்டு போகவேண்டும். நம்மூர்க் காய் முக்கால்வாசி அங்கே வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறது! வாழைப்பூ இங்கே 'மோச்சா', வாழைத்தண்டு 'தோட்'. புடலை 'சிசிங்கா', பீர்க்கு 'ஜிங்கே', சுரை 'லாவ்', சேனை 'ஓல்'. கொடிப்பசலையைப் 'புயி ஷாக்' என்று கூப்பிட்டால் கட்டுக்கட்டாக வரும். முருங்கைக்காய் மட்டுமன்று, குளிர் தணியும் மாதங்களில் முருங்கைப்பூவும் குவித்து விற்பார்கள். அகத்திப்பூவும் உண்டு, அதையும் இவர்கள் மாவில் தோய்த்துப் பொரித்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். கசப்பை ஒதுக்கும் நம் பிள்ளைகள் இவர்களிடம் பாடம் கேட்கலாம்: பாகற்காய் சேர்ந்த 'சுக்தோ'வை மதியச் சாப்பாட்டில் முதலில் உண்ணும் வழக்கம் இங்கே உண்டு. தயிர் வாங்கும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். 'டக் தோய்' என்று புளித்தயிரைக் கேட்டு வாங்காவிட்டால் சர்க்கரை போட்ட தயிர் கைக்கு வந்துவிடும். அதில் மோர்க்குழம்பு வைத்த வீடுகளும் உண்டு.

இப்போது இளைஞரும் அவரைப் போன்ற தனியாட்கள் மூவரும் அக்கா வீட்டுக்கு எதிர்வரிசையில் சேர்ந்து சமைக்கிறார்கள். பெரிய விருந்தெல்லாம் இல்லை. ஒருநாள் வாழைத்தண்டுப் பொரியலும் மிளகு ரசமும். ஒருநாள் கீரை மசியலும் பருப்பும். இரவுப் பணிக்காரருக்குக் காலையில் கஞ்சியோ பழையதோ ஆயத்தமாக இருக்கும். காயை நறுக்கும்போது ஊர்க்கதை தானே வந்துவிடுகிறது. பலகாரத்தை யாரும் முற்றிலும் துறந்துவிடவில்லை. சனிக்கிழமை மாலை ஆளுக்கு இரண்டு பேகுனி, உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தந்தையின் உடல்நிலை ஏற்றமும் இறக்கமுமாகத்தான் இருக்கிறது. தொலைபேசி வந்தால் அவர் முதலில் அக்கா வீட்டுத் திண்ணைக்குப் போகிறார்.

கரக்பூருக்குப் புதிதாக மாற்றலாகி வரும் அன்பர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்குள் சந்தைக்கு வந்துவிடுவது நலம். பிறகு வந்தால் நல்ல வாழைத்தண்டு மிஞ்சுவதில்லை.