போன் அம்மாவின் கைப்பையில்!

2022 டிசம்பர். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் திரண்டவர்கள் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். அந்தத் திரைக்குள், கட்டடங்களுக்கு நடுவே ராட்சத உருவத்தில் பாடிக்கொண்டிருந்தது கொரில்லாஸ் இசைக்குழு. போனை இறக்கினால் அங்கே யாருமே இல்லை! மறுநாள் லண்டன் பிக்காடிலி சர்க்கஸிலும் இதே மாயம்.

இதுதான் ஆக்மென்டட் ரியாலிட்டி. கேமராவில் தெரியும் கட்டடங்களை ஸ்ட்ரீட் வியூ தகவல்களோடு ஒப்பிட்டு, நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது கூகுளின் தொழில்நுட்பம். பிறகு உருவங்களை அந்த இடத்தில் கச்சிதமாகப் பொருத்துகிறது.

அந்த வீடியோவைப் பார்த்ததும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது.

போன வருஷம் அம்மாவை முதன்முறையாக ஒரு கச்சேரிக்கு அழைத்துப்போனேன். அவருக்குப் பிடித்த பாட்டு வந்ததும் போனை எடுத்து, முழுசாக ரெக்கார்டு செய்தேன். வீட்டுக்கு வந்ததும் கேட்டார்... "அந்த ரெண்டாவது சரணத்துல அழுதுட்டேன்டி, பார்த்தியா?"

பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு நான் பார்த்தது திரையை மட்டும்தான். அந்த வீடியோவை இதுவரை ஒருமுறைகூடத் திறக்கவும் இல்லை.

கொரில்லாஸ் உறுப்பினர்கள் கார்ட்டூன் பாத்திரங்கள். அவர்களுக்கு போன்தான் மேடை. ஆனால், நம் கண்ணெதிரே ஒருவர் மூச்சுப்பிடித்துப் பாடும்போது? 2018 சுற்றுப்பயணத்தில் யூ2 குழுவும் ஆக்மென்டட் ரியாலிட்டியைப் பயன்படுத்தியது. நிகழ்ச்சி தொடங்கும் முன் உருகும் பனிப்பாறை, தொடக்கப் பாடலில் பாடகரின் பிரமாண்ட உருவம். அந்த அளவு எனக்கும் சம்மதம்.

அடுத்த மாதம் இன்னொரு கச்சேரி. ஆரம்பத்தில் அம்மாவோடு ஒரே ஒரு செல்ஃபி. அப்புறம் என் போன் அவர் கைப்பைக்குள் போய்விடும்.